மரக்கத்திக்குத் தைத்த உறை

பொன்னையா இன்றைக்கு மறுபடி வந்தார். கம்பம் ஊரிலிருந்து மோட்டார் ஏறாத மலைப்பாதையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கழுதைச் சுமை கொண்டுபோகிறவர்.

கழுதை சறுக்கினால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுமைக்கயிற்றை அறுக்க வேண்டும். அதற்காகச் சின்னக் கத்தி ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட என்னிடம் தோலுறை கேட்டிருந்தார். பிடி கீழே பார்த்துத் தொங்க வேண்டும். இழுத்தால் மட்டுமே வர வேண்டும்.

"ஈரத்தோலக் கத்தி மேலயே காய வைக்கணும், அப்பத்தான் அளவா இறுகிப் பிடிக்கும். கத்தியக் குடுத்துட்டுப் போங்க" என்று அன்றைக்கே சொன்னேன்.

"கத்தி இல்லாம எப்படிண்ணே மலையேறுறது?" என்றவர், ஆசாரி மச்சானிடம் சொல்லி ஒரு மரக்கத்தி செதுக்கிக் கொண்டுவந்தார்.

"அச்சு அசல் அதே அளவுண்ணே."

நம்பித் தைத்தேன்.

இன்று உறையை மாட்டிக்கொண்டு இரும்புக் கத்தியைச் செருகினார். அது நழுவி விழுந்து, அவர் கால்விரலுக்குப் பக்கத்தில் மண்தரையில் குத்தி நின்றது. மச்சான் தாராள மனசுக்காரர்; மரத்தைத் தடிமனாகவே விட்டிருக்கிறார்.

மரக்கத்தியைச் செருகினேன். பொன்னையா குதித்துக் குதித்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"உங்க வேலையில குத்தமே இல்லண்ணே. கத்திதான் சரியில்ல."

"இரும்புக் கத்திய இங்கன வச்சுட்டுப் போங்க. தோல மறுபடி நனைச்சுச் சரி பண்ணித் தாரேன்."

"நாளைக்குச் சுமை இருக்குண்ணே."

போய்விட்டார். கழுத்தில் என் உறைக்குள் மரக்கத்தி. இடுப்பில், பழையபடி கந்தல் துணியில் சுற்றிய இரும்புக் கத்தி.

சந்தையில் அவரைப் பார்த்தால் உறை நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள். யார் தைத்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.