பஞ்சில் சிக்கிய பிசிறு

ராசியில்லாத கை என்று ஒன்றை உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், அந்தக் கைக்கு அடியில் என்ன இருந்தது என்று குனிந்து பார்த்தீர்களா?

பஞ்சக்கா குனிந்து பார்த்தாள். கிட்டார் உதிரிபாகப் பட்டறையில் தரம் பார்ப்பது அவள் வேலை. மின்கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் ஏறி உட்கார ஒரு சின்ன உலோகத் துண்டு உண்டு, சேடில் என்பார்கள். தேய்ந்ததைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கான புது சேடில்கள் அந்தப் பட்டறையில் தயாராகின்றன. கம்பி படியும் பள்ளத்தில் துளிப் பிசிறு இருந்தாலும் கம்பி அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, விரலும் ஏமாறும். அதனால் ஒரு துணுக்குப் பஞ்சை முறுக்கிப் பள்ளத்தில் இழுப்பாள். இழை சிக்கினால் அந்தத் துண்டு கழிவுப் பெட்டிக்கு. தலைமுடியில் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும், பெயரும் ஒட்டிக்கொண்டது. சாப்பிடும்போதுகூடக் கரண்டி ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். "கரண்டியை விடும்மா, அதுல யாரும் பாட்டு வாசிக்கப் போறதில்ல" என்பான் கணவன்.

அவள் தங்கை ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தாள். பட்டறையின் புது சேடில்களை அக்காவே ஆசையாக அவள் கிட்டாரில் மாட்டிக் கொடுத்திருந்தாள். ஒரு நாள் தங்கை கிட்டாரோடு வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வேற ஆளை வரச் சொல்லிட்டாங்கக்கா. மூணாவது கம்பி மேடைக்கு மேடை அறுந்துடுது. என் கை ராசியில்லாத கையாம்."

"யாருடி சொன்னது?"

"டிரம்ஸ்காரர். அவர்தானே குழுவுக்குத் தலைவர்."

"ஆம்பளைங்க யாரும் கம்பியை அறுத்ததே இல்லியா?"

"அறுத்திருக்காங்க. அதுக்குப் பேரு ஆவேசம்."

எவ்வளவு வசதியான சொல் இந்த ராசி! சோதிக்க வேண்டாம், நிரூபிக்க வேண்டாம். அது போய் ஒட்டும் கைகளை மட்டும் பாருங்கள்: வேலைக்காரியின் கை, விதவையின் கை, புதிதாக வந்தவளின் கை. முதலாளியின் கைக்கு ராசி இல்லை என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

"என் சேடில்ல குறை இருக்காது, நானே பார்த்தது" என்றபடியே பஞ்சக்கா மூன்றாவது கம்பியைத் தளர்த்திப் பஞ்சை இழுத்தாள். பள்ளத்தின் விளிம்பில் இழை சிக்கி நின்றது. அவள் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பிறகுதான் உறைத்தது. அவள் சோதிப்பது முலாம் பூசுவதற்கு முன்பு. பூசிய பிறகு யாரும் தொடக்கூடாது, விரல் பட்டால் பளபளப்பு போய்விடும் என்பது முதலாளியின் உத்தரவு. துண்டு நேரே டப்பாவுக்குள் போய்விடும். முலாமோ விளிம்பில்தான் திரண்டு பிசிறாகக் கட்டும். இத்தனை நாளும் அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தேய்ச்சுக் குடுத்துடுக்கா. நான் சமாளிச்சுக்கறேன்."

"இப்ப தேய்ச்சா, உனக்கு ராசி திரும்பிடுச்சும்பாங்க. அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் ஒத்திகை அறைக்குத் தங்கையோடு அவளும் போனாள். புது ஆள் வந்திருந்தான். "தம்பி, கொஞ்சம் இதுல வாசிங்க" என்று தங்கையின் கிட்டாரை அவன் கையில் திணித்தாள். முதல் பாட்டு முடிந்தது, கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் முடிந்தது. டிரம்ஸ்காரர் அவளைப் பார்த்து இளித்தார். பஞ்சக்கா கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தரையில் போட்டாள். மூன்றாவது பாட்டின் நடுவில் டிங் என்றது.

"அப்ப கிட்டாருக்கே ராசியில்ல போல" என்றார் டிரம்ஸ்காரர்.

பஞ்சக்கா அறுந்த கம்பியைக் கழற்றினாள். மெல்லிய உப்புத்தாளை மடித்துப் பள்ளத்தைத் தேய்த்தாள். பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும்வரை தேய்த்தாள். புதுக் கம்பி பூட்டித் தங்கையிடம் நீட்டினாள். ஒத்திகை முடியும்வரை தங்கை வாசித்தாள். கம்பி அறவில்லை.

"அதான் சரியாயிடுச்சே, விடுங்களேன்" என்றார் டிரம்ஸ்காரர்.

"கம்பி சரியாயிடுச்சு. நீங்க சொன்ன பேச்சு?"

புது ஆள் சிரித்துவிட்டான். "என்னை வெச்சு சோதனை பண்ணிட்டீங்களேக்கா! அண்ணே, அவங்களே வாசிக்கட்டும், நான் கிளம்பறேன்." டிரம்ஸ்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "கைமேல தப்பில்லம்மா" என்று முனகினார்.

தங்கையின் இடம் நிலைத்தது, அக்காவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் முதலாளியின் முன் போய் நின்றாள். இனி முலாமுக்குப் பிறகும் பார்க்க வேண்டும் என்றாள். அவள் கையுறை போட்டுப் பார்க்க முதலாளி ஒப்புக்கொண்டார். "கடைக்குப் போன டப்பாவையெல்லாம் திரும்ப வாங்குங்க" என்றபோது, "அது நம்ம கையில இல்லம்மா" என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அந்த டப்பாக்கள் இன்னும் வெளியே இருக்கின்றன. எங்கோ ஒரு கம்பி அறும். யாரோ ஒருத்தியின் கையைக் காட்டி எவனோ ராசியில்லை என்பான். அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்து, அவன் கண் முன்னால் இழுத்துக் காட்டுங்கள்.