போகாத அத்தைக்கு ஒரு வழியனுப்பு

மூன்று வருடங்கள் எங்கள் வீட்டில் எல்லாமே "கார்டு வரட்டும்" என்றுதான் நின்றன. சுவருக்கு வெள்ளையடிப்பதா, ஆட்டம் கண்ட ஜன்னல் கதவை மாற்றுவதா, அத்தைக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, எதைக் கேட்டாலும் அப்பாவிடம் இருந்தது அந்த ஒரே பதில். கார்டு என்றால் ரேஷன் கார்டு இல்லை. அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கலாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கும் கிரீன் கார்டு.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். எழுபதுகளின் தொடக்கத்தில் நர்சுகளை அமெரிக்கா அழைக்கிறது என்று யாரோ சொல்ல, அப்பா தாமே உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதி அனுப்பினார். அங்கே ஒரு ஆஸ்பத்திரி அத்தையை எடுத்துக்கொள்வதாகப் பதிலும் போட்டுவிட்டது. ஆனால் ஒரு நாட்டிலிருந்து வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்று கணக்காம். நமக்கு முன்னால் கேட்டவர்கள் எல்லாரும் போன பிறகுதான் நம் முறை. அப்பா எனக்கு அதை விளக்கியபோது, வெள்ளைக் குல்லாய் போட்ட நர்சுகள் இராயபுரம் கடற்கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி அமெரிக்கா வரைக்கும் வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். எங்கள் அத்தை அதில் கடைசியாக, கணுக்கால் அளவு தண்ணீரில்.

அப்பா ஹார்பரில் கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. அங்கே அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். பெரிய கிரேன் ஓட்டுகிறவர். சொந்த ஊர் எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பம். ஞாயிறு பூசைக்கு எங்கள் மாதா கோயிலுக்கு வருவார். வரும்போது ஓலைப்பையில் மடவை மீனோ நண்டோ கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பார். நாங்கள் அவரைக் கிரேன் மாமா என்போம். நாள் முழுக்க அந்தரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, தரையில் இறங்கினாலும் அவருக்குப் பேச்சு வராது. அத்தை காபி கொண்டுவந்து கொடுத்தால் "தேங்ஸ் சிஸ்டர்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் பேசுவது அவ்வளவுதான். தெருவே அத்தையை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

மூன்றாம் வருடம் ஈஸ்டர் முடிந்த கொஞ்ச நாளில், "உங்கள் எண் நெருங்கிவிட்டது, மருத்துவச் சோதனைக்குத் தயாராக இருக்கவும்" என்று ஒரு கடிதம் வந்தது. நெருங்கிவிட்டது என்பதை அப்பா வந்துவிட்டது என்று படித்தார். படித்ததோடு நில்லாமல் தெருமுனை வரை நடந்து எல்லாரிடமும் சொல்லிவிட்டும் வந்தார். அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசைக்குப் பிறகு வழியனுப்பு விருந்து என்று முடிவானது. எங்கள் வீட்டு வாசலில் பந்தல், பிரியாணி, உபதேசியாரின் வாழ்த்துரை. கோயிலில் எங்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர் அந்த உபதேசியார்; ஒலிபெருக்கியைக் கண்டால் லேசில் விடமாட்டார்.

வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்த டெய்லர் பாய், அமெரிக்கக் குளிருக்கு ஒரு கோட்டு தைத்துத் தருவது தம் பொறுப்பு என்றார். அவர் மனைவிக்கு இரண்டு பிரசவமும் அத்தை பார்த்தது. குளிர்காலக் கோட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. ஒரு பழைய பத்திரிகையில் வந்த படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத் தைத்தார்.

விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அப்பா பந்தலுக்குக் கழி கொண்டுவரப் போயிருந்தார். தபால்காரர் நீளமான உறை ஒன்றை என் கையில் கொடுத்தார். அத்தை கொல்லைப்புறத்தில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வாங்கிப் பிரித்தாள். நின்றபடியே படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா அத்தே?"

"தேதி பின்னாடி பூடுச்சாம்."

"தேதி எப்பிடிப் பின்னாடி போவும்?"

"நெறைய பேரு கேட்டுட்டாங்களாம். க்யூவ பின்னாடி தள்ளிட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, அவுங்களுக்கே தெரியலியாம்."

அவள் கண் சிவந்திருந்தது. சீயக்காய் பட்டுவிட்டது என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டாள். பிறகு எனக்கு எது மிக முக்கியமாகப் பட்டதோ அதைக் கேட்டேன்.

"அப்ப நாளைக்குப் பிரியாணி?"

அத்தை என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், துவைகல்லிலிருந்து சரிந்து விழுகிற மாதிரி சிரித்தாள்.

"நீ வாய மூடிக்கினு இருந்தா பிரியாணி கீது. உங்க நைனாவாண்ட கூட மூச்சு வுடக்கூடாது. நாளைக்கு எல்லாரும் சாப்ட்டு முடிக்கட்டும், நானே சொல்றேன். உனக்கும் எனக்கும் மட்டும்தான் இந்த ரகசியம். இன்னா?"

கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தேன். பெரியவர்களின் ரகசியம் ஒன்று முழுதாக என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே எங்கள் பந்தலுக்குள் இருந்தது. பாயின் மச்சான் மூட்டிய அடுப்பிலிருந்து கிளம்பிய வாசனை கோயில் வரைக்கும் போயிருக்க வேண்டும்; பூசை முடிந்ததும் ஜனங்கள் ஓட்டமாக வந்தார்கள். ஆளுக்கொரு பரிசு. ஊறுகாய் மட்டும் ஏழு பாட்டில். அமெரிக்காவில் கொசு இருக்குமோ என்னவோ என்று ஒருவர் கொசுவலை கொண்டுவந்தார். பாய் கோட்டை உதறிப் பிரித்தபோது கூட்டம் வாய்விட்டு வியந்தது. பழுப்பு நிறம், ஜமுக்காளக் கனம், ஒவ்வொரு பொத்தானும் பிஸ்கட் அளவு.

"போட்டுக் காட்டு சிஸ்டர், போட்டுக் காட்டு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

மே மாத வெயிலில் அத்தை அதைப் போட்டுக்கொண்டாள். கழுத்து வரை பொத்தானை மாட்டிவிட்டு, பாய் தள்ளி நின்று பார்த்து, "மாஷா அல்லா, ஒரு சொட்டுக் குளிரு உள்ள போவாது" என்றார். உள்ளே இருந்ததெல்லாம் வியர்வைதான். அந்த நிலையில் உபதேசியார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். தேசம் விட்டுத் தேசம் போன வேதாகம மனிதர்களை ஒவ்வொருவராக அழைத்துவந்து அத்தைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார். அப்பா முன்வரிசையில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை மெதுவாக நழுவிக் கொல்லைப்புறம் போனாள். ரகசியத்துக்குக் காவலாக நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே கிரேன் மாமா தனியாக மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். பிரியாணி நாளில் மீன் எதற்கு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை போலிருக்கிறது. அத்தையைக் கண்டதும் எழுந்து நின்றார். கையெல்லாம் செதில்.

"அங்க மடவ கெடைக்குமா சிஸ்டர்?"

"தெரியல."

அவர் கத்தியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், பிறகு கத்தியைக் கீழே வைத்தார். அதன் பிறகு பேசிய அளவுக்கு அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

"மேல கிரேன்ல குந்திக்கினு பாத்தா, போற கப்பலு ரொம்ப நேரம் தெரியும். கீழ நிக்கறவங்களுக்கு மறஞ்சு பூட்ட பொறவும் எனக்குத் தெரிஞ்சுக்கினே இருக்கும். அதான்... நீங்க போற கப்பலு கெளம்புற அன்னிக்கு நான் டூட்டிக்குப் போவ மாட்டேன்."

அத்தை கோட்டுப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள். பந்தலில் உபதேசியாரின் குரல் மட்டும் கேட்டது.

"நான் ஏரோபிளேன்லதானே போறேன்" என்றாள்.

அவர் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வருடக்கணக்கில் சேர்த்துவைத்த பேச்சில் கப்பலை வைத்திருந்தாரே தவிர, விமானத்துக்கு இடம் விடவில்லை.

"அப்ப... லீவு வேணாமா?" என்றார்.

அத்தை முந்தின நாளைப் போலவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கோட்டின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றி, உள்ளேயிருந்து வியர்வையில் நனைந்த அந்த உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இன்னா சிஸ்டர் எழுதிக்கீது? எனக்கு இங்கிலீஷ் வராதே."

"நான் போவலன்னு எழுதிக்கீது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கும் எனக்கும் மட்டும் என்றாளே! நேற்றிலிருந்து நான் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. இவள் என்னடாவென்றால் மீன் சுரண்டுகிறவரிடம் கடிதத்தையே தூக்கிக் கொடுக்கிறாள். அழுகை முட்டியது. ஒரே ஓட்டமாகப் பந்தலுக்கு ஓடி, உபதேசியார் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கத்தினேன்.

"அத்த அமெரிக்கா போவல! தேதி பின்னாடி பூடுச்சி! லெட்டர் நேத்தே வந்துடுச்சி! அத கிரேன் மாமாவாண்ட குடுத்துட்டா!"

பிரியாணி பரிமாறிய இலைகளின்மேல் கைகள் அப்படியே நின்றன. அப்பா எழுந்தார். அவர் பின்னால் அம்மா, பாய், உபதேசியார், பாதிப் பந்தல். எல்லாரும் கொல்லைப்புற வாசலில் நெருக்கியடித்து எட்டிப் பார்த்தோம். அத்தை கோட்டோடு துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். கிரேன் மாமா கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றிருந்தார். இருவர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

"இன்னாம்மா இது?" என்றார் அப்பா. குரல் உடைந்தது. "மூணு வருஷமா வந்த சம்பந்தத்தையெல்லாம் கார்டு வரட்டும், கார்டு வரட்டும்னு திருப்பி அனுப்பினேனே!"

"அதுவும் நல்லதாப் போச்சி" என்றாள் அம்மா. எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அத்தையிடம் சொன்னாள்: "மொதல்ல இந்தக் கோட்டக் கழட்டு. அப்பால, இந்தாளு உன்ன சிஸ்டர்னு கூப்புடறத நிறுத்தச் சொல்லு."

சிரிப்பு கொல்லைப்புறத்தில் தொடங்கி வீட்டைத் தாண்டிப் பந்தலில் போய் முடிந்தது. கடைசியில் அப்பாவும் சிரித்தார். அத்தை முகத்தைக் கோட்டுக் காலருக்குள் புதைத்துக்கொண்டாள். "அப்ப கோட்டு?" என்று பாய் கவலையாகக் கேட்டார். "எங்க பூடும், மூணு வருஷம் கழிச்சும் குளிரு இருக்கும்" என்று யாரோ பதில் சொன்னார்கள். உபதேசியார் திரும்பப் போய் ஒலிபெருக்கியைப் பிடித்து, தேசம் விட்டுப் போனவர்களை அப்படியே விட்டுவிட்டு, வேதத்தில் வரும் ஒரு கல்யாண விருந்தைப் பற்றித் தடங்கலின்றிப் பேச ஆரம்பித்தார். அம்மா கிரேன் மாமாவைப் பந்தியில் உட்காரவைத்து, ஒரு பெரிய எலும்புத் துண்டைத் தேடிப் போட்டாள்.

நர்சை சிஸ்டர் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? அதில் சிரிக்க என்ன இருக்கிறது? யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னை யாரும் அடிக்கவும் இல்லை. அது இன்னும் விசித்திரமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. வரிசை நகர்ந்து எண் வந்தபோது வருடங்கள் ஓடியிருந்தன. மூன்று பேராகப் போனார்கள். அமெரிக்கா போன ஒரு வாரத்தில் கிரேன் மாமா எழுதிய முதல் கடிதத்தில், விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததாகவும், நம் ஹார்பர் ரொம்ப நேரம் தெரிந்ததாகவும் இரண்டு வரிதான் இருந்தது.

ஆனால் அந்த விருந்துக்கு அடுத்த சனிக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், சத்தியத்தை மீறிய பாவி நான் என்பது மட்டும்தான். கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, சல்லடைக் கண் ஜன்னலுக்கு அப்பால் இருந்த சாமியாரிடம், அத்தையின் ரகசியத்தை ஊர் நடுவில் போட்டு உடைத்துவிட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். உள்ளே இருமுவது போல ஒன்று கேட்டது. இருமல் இல்லை, சிரிப்பு. அவர் அடக்கப் பார்த்தும் அது அடங்கவில்லை. கடைசியில் பாவத்துக்குப் பரிகாரமாக ஒரேயொரு செபம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

நான் பத்து சொன்னேன். அவ்வளவு பெரிய துரோகத்துக்கு ஒன்று எப்படிப் போதும்?