சுமை தூக்கினவரின் கையில்

மகள் பெரு நாட்டுக்கு மலையேறப் போவதற்கு முதல் வாரம், சுவிஸில், இன்டர்லாக்கனில் எங்கள் வீட்டு மேசையில் இருந்து, அங்கே யாருக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது என்று போனில் வாசித்துக்கொண்டிருந்தாள். ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு வந்த நான், கால்களைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தேன்.

“அப்பா, சாப்பாட்டுக் கடையில பத்து வீதமாம். மலையில எங்கட சாமான் தூக்கிற ஆக்களுக்கு, எல்லாரும் ஒரு என்வலப்பில போட்டு, கடைசி நாள் தலைமை ஆளிட்டைக் குடுக்கிறதாம். லேசு, என்ன?”

“தலைமை ஆளிட்டையோ? அப்ப தூக்கினவனுக்கு வந்த மாதிரித்தான்.”

“ஏன், உங்களுக்கு ஒருநாளும் வரேல்லையோ?”

ஒரே ஒருமுறை வந்ததை அவளுக்குச் சொன்னேன். ஹோட்டலில் சாப்பிட வந்த ஒரு அம்மா கை துடைக்கிற தாளுக்குள் மோதிரத்தை விட்டுவிட்டார். குப்பை வாளியைக் கிண்டி எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கணவர் குசினி வாசலுக்கே வந்து ஐம்பது பிராங்க் தாளை நீட்டினார். கோயில் உண்டியலில் போடுகிற கை, இன்னொருவரிடம் வாங்கக்கூடாது என்று நினைத்து, ஈரக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற தலைமைப் பரிசாரகர், “நான் பிறகு அவரிடம் கொடுக்கிறேன்” என்று ஜெர்மன் மொழியில் சொல்லி வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்தார்.

“அந்தப் பிறகு இன்னும் வரேல்லை” என்றேன். மகள் சிரித்தாள். பிறகு என் கால்களைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

“அப்ப நான் என்ன செய்ய?”

“சின்னத் தாளா மாத்திக்கொண்டு போ பிள்ளை. தூக்கினவரிட்டை நேர குடு. வேண்டாம் எண்டுதான் நிப்பார். அதை நம்பாதை.”

அவள் போனபின், விளக்கேற்றும் நேரமெல்லாம் முருகனிடம் இரண்டு கேட்டேன். பிள்ளை சுகமாக வரவேண்டும்; சுமை தூக்கும், முகம் தெரியாத அந்த மனிதருக்கு அந்தக் காசு கிடைக்கவேண்டும். இரண்டாவதை இரண்டுதரம் கேட்டேன்.

மலையேற்றம் முடிந்த அன்று, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் மகளின் போன் வந்தது.

“அப்பா, மற்ற ஆக்கள் என்வலப்பில போட்டவை. நான் தனியக் குடுத்தனான். மனுசன் உங்களை மாதிரியே கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டார். உங்கட வயது இருக்கும்.”

“வாங்கினவரோ?”

“எங்க வாங்கினார்? சட்டைப்பைக்குள்ள வைச்சு விட்டிட்டன்.”

“நல்ல காரியம்” என்று மட்டும் சொல்ல வந்தது. வேலைக்கு நேரமாகியிருந்தது.

அன்று கோப்பைகள் வழக்கத்தைவிட அதிகம். முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே கழுவினேன். முழங்கால் நோவும் களைப்பும் அப்படியேதான் இருந்தன.