திரும்பிப் பார்க்கும் அன்னம்

எங்கள் புது வீட்டை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் ஒல்லியான மனிதர். என் மனைவியின் கல்யாணப் பட்டுப்புடவையைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வருவார். அதிலேயே நாங்கள் விழுந்துவிட்டோம்.

தறிகளுக்கு டிசைன் வரைவது என் மனைவியின் தொழில். அந்தப் புடவையின் பார்டரும் அவள் வரைந்ததுதான். வரிசையாகப் போகும் அன்னங்களில் ஒன்று மட்டும், அவள் கைதவறி வரைந்ததில், திரும்பிப் பார்க்கும். அந்த பார்டரை அப்படியே முகப்பில் சிமெண்ட் ஜாலியாக, வெளிச்சம் புகும் துளைச்சுவராக, வைக்கலாம் என்றார் ஆர்க்கிடெக்ட்.

“அந்த ஒண்ணு தப்பா திரும்பிகினு இருக்குதுங்க, சரி பண்ணிடுங்க” என்றாள்.

“இருக்கட்டும் மேடம். அதுதான் உங்க வீடு. வேற யாருக்கும் போடமாட்டேன்.”

வீடு எழும்பியது. காலை வெயிலில் அன்னங்கள் கூடத்துத் தரையில் நீந்தின.

போன மாதம் சேத்துப்பட்டு சாலையில் யாருடைய புது பங்களாவிலோ அதே அன்னங்கள். ஒன்று திரும்பிப் பார்த்தது. அங்கிருந்தே அவருக்கு போன் செய்தேன்.

“எங்க வூட்டு அன்னம் இங்க இன்னாங்க பண்ணிகினு இருக்குது?”

“அவங்களும் அதைத்தான் சார் ஆசைப்பட்டாங்க” என்றார், கூச்சமே இல்லாமல்.

மனைவி காரை விட்டு இறங்கவில்லை. வீடு வந்ததும் கேட்டாள்: “அப்புறம் எதுக்குங்க அந்த ஆளு அத்தினி வாட்டி கை கழுவினாரு?”

அந்தக் கைகளைப் பொய்யென்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.