ஓட்டையில்லாத பட்டன்கள்

ஊசி குத்திய மறுநொடியே விரல் வாய்க்குள் போய்விடும். தையலக்காவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. கண் துணியை விட்டு அகலாது, பேச்சும் நிற்காது. விரலை ஒரு உறிஞ்சு, இடுப்பில் செருகிய வெட்டுத்துணியில் ஒரு துடைப்பு, அடுத்த தையல். "ரத்தம் துணிக்குப் போறதுக்கு முன்னாடி வாய்க்குப் போயிடணும். அவ்வளவுதான் தொழிலு" என்பார்.

அவர் தைப்பது வெள்ளைத் துணி. தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் போட்டுக்கொண்டு நடக்கிற கோட்டெல்லாம் இந்த முன்னறையிலிருந்து போவதுதான். மெஷினில் ஓட்டி முடித்த பிறகு காலரின் உள்மடிப்பையும் பட்டன்களையும் கையால்தான் தைப்பார். "மெஷின் தச்ச காலரு கழுத்தை அறுக்கும். பாவம், நாள் முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு அடுத்தவங்க நெஞ்சுல காது வைக்கிற பிள்ளைங்க."

நான் குடியிருப்பது அதே வீட்டின் மாடியில். பிறந்ததிலிருந்தே. அந்த மெஷின் சத்தம் தரை வழியாக ஏறி வந்து என் கட்டில் காலில் அதிரும். பள்ளி விடுமுறை நாட்களின் மதியத் தூக்கம் எல்லாம் எனக்கு அந்தச் சத்தத்தின் மேல் படுத்துத் தூங்கியதாகத்தான் நினைவிருக்கிறது. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வேன். நூல் மாற்றுகிறார் என்று தெரிந்ததும் திரும்பவும் தூங்கிவிடுவேன்.

இன்னொரு சத்தமும் உண்டு. அவர் கணவர் டவுன் பஸ் டிரைவர். எங்கள் தெரு வழியாகத்தான் அவர் பஸ் போகும். ஆஸ்பத்திரி வாசலில் 'ஒலி எழுப்பாதீர்' என்று ஒரு பலகை இருக்கிறது. சரியாக அந்தப் பலகைக்குக் கீழே வந்ததும் "பாம் பாம்" என்று இரண்டு முறை அடிப்பார். அக்கா தலையைத் தூக்க மாட்டார். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்து ஜன்னல் பக்கம் ஓர் ஆட்டு ஆட்டுவார். பஸ் போய்விடும். அந்த நாடா ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். டிரைவரண்ணன் ஓய்வு பெற்றதோடு ஹாரனும் நின்றது, நாடாவும் கழுத்திலேயே தங்கிவிட்டது. அதைப் பற்றி இரண்டு பேருமே பேசியதில்லை.

பிறகு ஒரு நாள் மெஷின் சத்தம் வழக்கத்துக்கு மாறாக விட்டுவிட்டுக் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். அக்கா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா?"

"உள்ள பெல்ட்டு லூசாயிடுச்சு போல. ஓடுது, வழுக்குது, திரும்பப் பிடிச்சுக்கிட்டு ஓடுது. யாரோ ஈரத்துணிய உதறுற மாதிரி இருக்கு."

எதிர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அந்த உவமையைக் கேட்டு அங்கிருந்த இதய டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் தப்பு என்று சொல்லவில்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா படபடக்கின்றன, அதனால் துடிப்பு தாளம் தப்புகிறது என்று படம் போட்டுக் காட்டினார். மயக்கம் கொடுத்து ஒருமுறை மின் அதிர்ச்சி வைத்துத் தாளத்தைச் சரி செய்தார்கள். சில மாதங்கள் மெஷின் பழையபடி ஓடியது. அப்புறம் பெல்ட் மறுபடி வழுக்கியது.

"எப்போ முழுசாப் போகும்?" என்று டிரைவரண்ணன் கேட்டார்.

"போயிடும்னு பொய் சொல்ல மாட்டேங்க. இது கூடவே வர்ற ஆள். வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை. இந்த ரெண்டாவது மாத்திரையத்தான் உயிரைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கணும். மேலறை படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தம் அங்க தேங்கும், கட்டியாகும். கட்டி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும். ஒழுங்காப் போட்டாங்கன்னா இன்னும் ரொம்பக் காலம் எனக்குக் கோட்டு தச்சுக் குடுக்கலாம்."

டிரைவரண்ணன் அன்றிலிருந்து மாத்திரைக்குக் கண்டக்டர் ஆகிவிட்டார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "காலையில போட்டாச்சா? ராத்திரிக்கு ஆச்சா? ரைட், போலாம்!" அக்கா, "பஸ்ஸை விட்டு இறங்கினாலும் வாய் இறங்க மாட்டேங்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நெஞ்சு படபடப்பு அடங்கியது. ஆனால் விரல் அடங்கவில்லை. ஊசி குத்தினால் முன்னெல்லாம் ஒரு உறிஞ்சில் நிற்கும் ரத்தம், இப்போது வாயிலிருந்து எடுத்த பிறகும் மெல்லக் கசிந்தது. ஒரு கோட்டின் காலரில் கடுகளவு சிவப்பு. அக்கா அதைச் சோப்பு போட்டுத் தேய்த்தார், வெயிலில் காயவைத்தார், முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் அந்தக் கோட்டை அனுப்பவே இல்லை, புதிதாக இன்னொன்று வெட்டினார்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் ஒரு காலரிலும் கறை படவில்லை. நாங்களும் உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு முற்பகலில் கத்திரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அக்கா கையிலிருந்து கத்திரிக்கோல் விழுந்து நான் பார்த்ததில்லை. நான் போனபோது டிரைவரண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எனக்கு வேலை வைக்கிறியா? நீயே எடு."

அக்கா குனிந்தார். வலது கை கத்திரிக்கோல் வரை போனது, விரல்கள் மூடவில்லை. ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை குழைந்து வெளியே வந்தது. டிரைவரண்ணன் முகத்திலிருந்து சிரிப்பு வழித்தெடுத்ததுபோல் போய்விட்டது. தெருவைக் கடந்தால் ஆஸ்பத்திரி. அக்காவைத் தோளில் தாங்கிக்கொண்டு ஓடினோம். உள்ளே போய்ச் சேர்வதற்குள் விரல்கள் அசைய ஆரம்பித்துவிட்டன. பேச்சும் திரும்பி வந்தது. முதல் வார்த்தை, "கத்திரிக்கோல் முனை மழுங்கியிருக்கும்."

சின்ன அடைப்பு, தானாகக் கரைந்துவிட்டது, அடுத்த தடவை இப்படி விட்டுப் போகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். டாக்டரம்மா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: மாத்திரை விட்டுப்போனதா?

"ஒரு வேளை கூட இல்லைங்க" என்றார் அக்கா. "நான்தான் சாட்சி, தினமும் அட்டையப் பாக்குறேன்" என்றார் அண்ணன். அப்படியானால் இந்த மருந்து கேட்கவில்லை, அடுத்த முறை வரும்போது மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா யோசனையோடு எழுதிக்கொண்டார்.

அந்த அடுத்த முறை போக வேண்டிய நாள் காலையில், கிளம்பும் நேரத்தில் அண்ணனின் சட்டைப் பட்டன் தெறித்துவிட்டது. அக்கா குளித்துக்கொண்டிருந்தார். அண்ணனே பட்டன் டப்பாவைத் திறந்து கிளறினார். வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவே அவர் விரலில் ஒன்று மாட்டியது. திருப்பிப் பார்த்தார். இன்னொன்று. அதற்கடியில் இன்னும் பல. அக்கா ஈரத்தலையோடு வெளியே வந்தபோது உள்ளங்கையை நீட்டினார்.

"எந்தச் சட்டைக்கும்மா இது? ஓட்டையே இல்லையே, எப்படித் தைப்ப?"

வெள்ளைத் துணியில் கைத்தையல் போடுகிற நாட்களிலும் அதற்கு முந்தின ராத்திரிகளிலும் அக்கா விழுங்காமல் அட்டையிலிருந்து பிதுக்கிப் போட்ட, ரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரைகள் அவை. அண்ணன் கண்ணுக்கு அட்டை காலியாகத் தெரிய வேண்டும். எதையும் குப்பையில் போட அக்காவுக்கு மனசு வராது. ஆகவே டப்பா.

"நெஞ்சு சும்மாதானே இருந்துச்சு. அதான்... ஒரு நாளு ரெண்டு நாளு..." என்று இழுத்தார் அக்கா.

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். பட்டனில்லாத சட்டையைக் கையால் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுறப்ப உன் கைய நான் பிடிச்சேன். நீ திருப்பிப் பிடிக்கல." அவ்வளவுதான் சொன்னார்.

டப்பாவை அப்படியே டாக்டரம்மா மேஜையில் கொண்டுபோய் வைத்தார். டாக்டரம்மா டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தன் காலரைத் தொட்டுக்கொண்டார், அதன் உள்மடிப்பு யார் கைவேலை என்று அவருக்குத் தெரியும்.

"அக்கா, இதுல ஒரு சொட்டு ரத்தம் விழுந்தா நான் துவைச்சுக்குவேன். உங்க மூளையில கட்டி போய் அடைச்சா நான் எதைப் போட்டுத் துவைக்கிறது? நெஞ்சு சும்மா இருக்குங்கிறது கணக்கே இல்ல. அது சத்தமே போடாமலும் தாளம் தப்பும். நல்லவேளை, மருந்து தோக்கல. மாத்தவும் வேண்டாம்."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "எனக்கு ஒரு கோட்டு வேணும். மாத்திரையப் போட்டுட்டுத்தான் தைக்கணும். கறை பட்டா பட்டபடியே குடுங்க, போட்டுக்கிறேன்" என்றார்.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "கறையோடவா? என் கையாலயா?"

வீடு திரும்பும் வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வந்ததும் பட்டன் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். அடியில் கிடந்தது, ஊசி குத்தாமலிருக்க விரல்நுனியில் மாட்டுகிற ஒரு சின்னத் தகர விரல்மூடி. கல்யாணமான புதிதில் அண்ணன் பஸ் போகிற வழியில் ஒரு கடையில் வாங்கி வந்தது. "என் விரலுக்குக் கண்ணு இருக்கு, தொப்பி எதுக்கு?" என்று அன்றைக்கு டப்பாவுக்குள் எறிந்ததை இன்று வரை வெளியே எடுத்ததில்லையாம். இப்போது எடுத்து, துடைத்து, விரலில் மாட்டிப் பார்த்தார். முதல் நாள் முழுக்க அதைத் திட்டிக்கொண்டேதான் பழகினார்.

நேற்று அந்தக் கோட்டுக்குக் காலர் வைத்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடத்தில். வெள்ளைத் துணியைப் பிரிப்பதற்கு முன்னால் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். விரல்மூடியை மாட்டினார். ஊசியில் நூல் கோத்தார். சமையலறை வாசலில் தோளில் துண்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த டிரைவரண்ணன், அட்டையைக் கேட்கவில்லை. வாயாலேயே மெதுவாக, "பாம் பாம்" என்றார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. கழுத்தில் தொங்கிய நாடாவின் நுனியைப் பிடித்து, ஓர் ஆட்டு ஆட்டினார்.