எங்கள் வீட்டுத் துரைசாணி

தம்பி மகளை டாக்டரிடம் காட்டப் பெங்களூருக்கு அழைத்துப் போன அன்று நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டேன். எங்கள் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் எல்லோரிடமும் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

"புதன்கெழமைல யாருக்குக்கா கல்யாணம்?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் பெண், "கல்யாணம் இல்ல. டாக்டரு. எனக்கு ஆட்டிசம் இருக்குதான்னு பாக்கறதுக்கு" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அடுத்தவர் பொய்யைக் காப்பாற்றவும் வராது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாம்பியன் ரீப்ஸ் ரயில் ஸ்டேஷன் போய்ச் சேரும் வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

அவளுக்குப் பதினாறு வயது. பி.யு.சி. முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பு. வகுப்பில் சத்தம் எழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். பிறகு காலேஜுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அங்கே பாடம் எடுக்கிற அம்மா ஒருவர் வீடு தேடி வந்தார். "டாக்டர் பாத்து எழுதிக் கொடுத்தா பரீட்சைக்குத் தனி ரூம் கேக்கலாம்மா. இல்லன்னா இவ படிப்பு இதோட நின்னுடும்" என்றார். நல்ல மனுஷிதான். குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசியிருக்கலாம். எங்கள் லைனில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பக்கத்தில் தாளித்தால் இங்கே தும்மல் வரும்.

தம்பியும் அவன் மனைவியும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்படித்தான். கணவர் தவறிய பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட நான்தான் வளர்த்தேன். அதனால் தம்பி, "நீயே கூட்டினு போக்கா. சின்ன வயசுக் கதையெல்லாம் கேப்பாங்களாம். எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றான்.

டாக்டர் இளவயதுப் பெண். கன்னட வாடையோடு தமிழ் பேசினார். "எப்போ பேச ஆரம்பிச்சா?" என்று முதலில் கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்கப்பா வெள்ளக்காரத் தொர பங்களாவுல பட்லரும்மா. இங்கிலீசு எங்க ரத்தத்துலயே கீது. நான் மூணாங்கிளாஸ்தான். ஆனா இவ கீறாளே, நாலு வயசு வரைக்கும் தமிழ் ஒரு வார்த்த பேசல. வாயத் தொறந்தா இங்கிலீசுதான்!"

"வீட்ல யார் இங்கிலீஷ் பேசுவீங்க?"

"யாரு பேசறது? டி.வி.யப் பாத்துத் தானா கத்துகினா."

"எப்படிப் பேசுவா? ஒண்ணு சொல்லுங்க."

சொன்னேன். ஒருநாள் வாசற்படியில் விழுந்து முழங்காலில் ரத்தம் கொட்டியது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "ஓ நோ, இட்ஸ் ரெய்னிங்!" என்றாள். கார்ட்டூனில் வருகிற அதே குரல், அதே இழுப்பு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி, "யக்கா, உங்க ஊட்டுத் தொரசாணிக்கு மட்டும் மழ பேயுது பாரு!" என்று கைதட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து லைன் முழுவதற்கும் அவள் துரைசாணிதான். விருந்தாளி வந்தால் நானே கூப்பிட்டு நிறுத்தி, "அந்த மழையச் சொல்லு கண்ணு" என்பேன்.

சிரித்துக்கொண்டே சொல்லி முடித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்போ கால் வலிக்குதுன்னு உங்ககிட்ட எப்படிச் சொன்னா?"

என் பக்கத்தில் இருந்தவள் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"அதத்தான் சொன்னேன். அந்த கார்ட்டூன்ல மழ வந்தா எல்லாரையும் வீட்டுக்குள்ள தூக்கினு போயிடுவாங்க. என்னத் தூக்குன்னு சொன்னேன். அத்த சிரிச்சாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். எனக்குக் காது மடல் எரிந்தது. இத்தனை வருஷம் நாலுபேர் நடுவில் நான் எதைக் காட்டிப் பெருமைப்பட்டேன்?

அப்படியும் புத்தி வரவில்லை. டாக்டர் அடுத்தடுத்துக் கேட்டார். மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா? "ஓ, நல்லா." சாப்பாட்டில் பிடிவாதம் உண்டா? "அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா." ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலிருந்து "இல்ல" என்று வந்துகொண்டிருந்தது. கடைசியில் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, உனக்கு ஏதாவது சொல்லணுமா என்று அவளிடமே கேட்டார்.

"அத்த வெளிய உக்காரட்டும். அவங்க இருந்தா என்ன நல்ல பொண்ணுன்னு காட்டினே இருப்பாங்க. அப்பால உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தனி ரூம் கெடைக்காது."

"நான் இல்லாம இவளுக்குப் பேசத் தெரியாதும்மா" என்றேன். டாக்டர் எழுந்து எனக்காகக் கதவைத் திறந்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மூடியிருந்தது. வார்த்தை புரியவில்லை, ஆனால் குரல் கேட்டது. அவள் குரல்தான். நின்று நின்று, பிறகு நிற்காமல், போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் நான் கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான் வரும். நான் கேட்ட கேள்வியெல்லாம் நான் விரும்புகிற பதிலுக்காகக் கேட்டவைதான் போலும். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் வந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"இன்னும் முடியல. அடுத்த வாரமும் வரணும். டெஸ்ட் நெறைய இருக்குது."

"நானும் வரட்டுமா?"

தம்பி வீட்டில் இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் எதற்கும் உத்தரவு கேட்டவள் இல்லை. அவள் நன்றாக யோசித்தாள்.

"ரயில்ல வரலாம்" என்றாள். "உள்ள வேணாம்."