நவமி கழிந்த பிறகு, கோட்டை வாசலில்

கெடா ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதைப் பார்க்கப் பினாங்கிலிருந்து நான் நான்கு முறை போயிருக்கிறேன். மூன்று பயணங்களுக்கு என் குறிப்பேட்டில் தலா அரைப் பக்கம்தான் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு பயணத்துக்கு மட்டும் பதினோரு பக்கம். இத்தனைக்கும் அன்றைக்குக் கோட்டையை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. அப்பா ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றிருந்தார். ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்து, தை மாதத்தில் ஒரு புதன்கிழமை புறப்படும் நாகப்பட்டினம் கப்பலில் தனக்கும் என் தங்கைக்கும் இடம் சொல்லிவிட்டார். அங்கே அவருடைய அக்காள் மகன் ஒருவன் இருந்தான். தங்கைக்கு அவனைத்தான் பேசி வைத்திருந்தார். தங்கை அவனைப் பார்த்ததில்லை. அவள் பினாங்கில் பிறந்தவள். தீவைவிட்டு அவள் போன அதிக தூரம், படகேறிப் பிறை ரயிலடி வரைக்கும்.

"அங்க போய் நான் யாருகிட்ட அண்ணே பேசுவேன்? நான் பேசுறதே அவங்களுக்குப் புரியாதுலா," என்றாள் என்னிடம். அழவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள்.

எனக்குத் தெரிந்தவர் மூலம் அலோர் ஸ்டாரில் ஒரு வரன் வந்தது. நிலஅளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் மட்டும். அப்பாவிடம் மூன்று நாள் மன்றாடிய பிறகு அவர் ஒரு வார்த்தை கொடுத்தார்: "புதன்கிழமைக்குள்ள அவங்க சரின்னு சொன்னா சரி. இல்லைன்னா பெட்டியைக் கட்டச் சொல்லு."

பிள்ளையின் தாய்க்கு ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டுக்கு வந்து பெண் பார்க்க மாட்டாராம். இந்தப் பக்கத்தில் நம் குடும்பங்கள் கொஞ்சம். ஒரு வீட்டுக்குள் போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால், அந்தப் பெண்ணின் பெயர் அடுத்த ரயிலில் ஈப்போ வரைக்கும் போய்விடும். அதனால் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்போல இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். பிடித்தால் பேச்சு. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரும் யாருக்காகவும் காத்திருந்ததாகத் தெரியக் கூடாது என்பதால் கடிதத்தில் மணி குறிக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை, நவமி கழிந்த பிறகு, கோட்டை வாசலில்" என்று மட்டும் எழுதினேன். அவர்களும் அப்படியே ஒப்புக்கொண்டு பதில் போட்டார்கள்.

நவமி எப்போது கழியும்? பஞ்சாங்கத்தில் போட்டிருந்த நாழிகையை மணியாக்கினால் காலை பத்து. ஆனால் அந்தப் பஞ்சாங்கம் தமிழ்நாட்டில் அச்சாகிக் கப்பலில் வருவது. அங்கே பத்து அடிக்கும்போது அன்றைய எங்கள் கடிகாரத்தில் பதினொன்றரை. வானத்தில் சந்திரன் நகர்ந்து திதி மாறுவது எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில்தான். ஆகவே பினாங்கிலும் கெடாவிலும் நவமி பதினொன்றரைக்குத்தான் முடியும். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும். இடையில் அரை மணி நேரம். இதை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அலோர் ஸ்டார்க்காரர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அளவைக்காரர் வீடு அல்லவா?

சனிக்கிழமை மாலை சிறிய நீராவிக் கப்பலில் ஏறினோம். ஞாயிறு காலை ஆறரைக்கு நீர் ஏறியிருந்தபோது ஆற்றுக்குள் நுழைந்தோம். ஊரும் துறையும் ஒரு கரையில், கோட்டை மறுகரையில். ஏழரைக்கெல்லாம் ஒரு சம்பான் படகு எங்களை அக்கரையில் இறக்கிவிட்டது. அப்பா, தங்கை, நான், நான்கு அடுக்குத் தூக்கு ஒன்று.

நான்கு மணி நேரத்தைக் கரைக்க வேண்டும். கோட்டை வாசலில் அப்பா துண்டை விரித்து உட்காரப் போனார்.

"இங்க வேணாம்ப்பா. காத்துக்கிட்டு இருக்குற மாதிரி தெரியும்."

"காத்துக்கிட்டுத்தானடா இருக்கோம்?"

அவரை எழுப்பி மதிலோரமாக அழைத்துப் போனேன். செங்கல்லுக்குள் ஆலவேர் புகுந்து சுவரைப் பிளந்திருந்தது. துருப்பிடித்த பீரங்கி ஒன்று கடலைப் பார்த்துக் கிடந்தது. அதன் வாய்க்குள் ஒரு பல்லி. இந்தச் செங்கல்லைக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கூட்டம் சொல்கிறது, இங்கேயே சுட்டார்கள் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது என்று தொடங்கினேன். பாதியில் எனக்கே மறந்துவிட்டது. மணி எட்டு இருபது.

கோட்டைக்குப் பின்னால் வயல். அறுவடை நடந்துகொண்டிருந்தது. தெற்கே ஜெராய் மலை நீலமாக நின்றது. வரப்பில் நடந்தோம். கொக்குகள் எழுந்து நான்கடி தள்ளி இறங்கின, நாங்கள் நெருங்கியதும் மறுபடி எழுந்தன. பிறகு கண்டல் காட்டுக்குள் ஒரு மரப்பாலம் வழியே போனோம். கால் வைத்து நடக்கும் சின்ன மீன்கள் சேற்றில் துள்ளின. நிமிடத்துக்கு எத்தனை துள்ளல் என்று தங்கை எண்ணத் தொடங்கினாள். என்னைக் கேலி செய்யத்தான். நான் கடிகாரத்தை எடுத்தேன். "பாத்தியா, எடுத்துட்டே," என்றாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணே, நேரா வாசலுக்கே போயிட்டா என்ன? எனக்கு உக்காரவும் முடியல, நடக்கவும் முடியல."

"இன்னும் நவமி போகலை."

திரும்பி வரும்போது மணி பத்து ஐந்து. தங்கை உடைந்த மதிலில் ஏறிப் பார்த்தாள்.

"வாசல்கிட்ட யாரோ கறுப்புக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பக்கத்துல ஒரு ஆம்பளை."

"வேற யாராவது இருப்பாங்க. இவங்க இப்ப வர மாட்டாங்க."

"பொடவை கட்டியிருக்காங்க அண்ணே."

"பொடவை கட்டினவங்க எல்லாம் மாமியாரா? எறங்கு, கீழ விழுந்துடாதே."

அவள் இறங்கினாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். இந்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதும்போது ஒரு வரியை அடித்திருக்கிறேன். அடித்தது இன்றும் படிக்கும்படி இருக்கிறது: "தங்கை சொன்னது சரியாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியது." தோன்றியும் அவர்களை மறுபடி வயல் பக்கம் அழைத்துப் போனேன். நவமியில் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பிறகு அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பழி என் கணக்குக்கு வரும் என்று பயம்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு வாசலுக்கு வந்தோம். யாரும் இல்லை. தரையில் புதிதாகத் துப்பிய வெற்றிலைச் சாறு மட்டும். சேற்றோரம் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த மலாயில் விசாரித்தேன். தமிழ் அம்மா ஒருவரும் மகனும் வந்தார்களாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார்களாம். அம்மாவுக்கு ரொம்பக் கோபமாம்.

"எங்கே போனார்கள்?"

அவள் சிரித்துக்கொண்டே ஆற்றைக் காட்டினாள்.

நீர் வடிந்து பாதி ஆறு சேறாகியிருந்தது. கரையிலிருந்து முப்பது நாற்பது கஜ தூரத்தில் ஒரு சம்பான் சேற்றில் உட்கார்ந்திருந்தது. படகுக்காரன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். கறுப்புக் குடையின் கீழ் ஓர் அம்மா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் கரையைப் பார்த்தபடி.

"அம்மா!" என்று கூப்பிட்டேன். "பினாங்குக்காரங்க நாங்க!"

குடை திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. "வந்துட்டீங்களா தம்பி? பத்து மணிக்கு நவமி போச்சு. பதினோரு மணி வரைக்கும் நின்னோம். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கே அவசரம் இல்லைன்னா எங்களுக்கு என்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் பஞ்சாங்கத்தை அதில் இருந்தபடியே படித்திருக்கிறார்கள். நான் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கிறேன். சேற்றைத் தாண்டிக் கேட்கும்படி விளக்கத் தொடங்கினேன். அங்கே பத்து என்றால் இங்கே பதினொன்றரை, சந்திரன் ஒன்று, கடிகாரம் இரண்டு என்று.

"சந்திரனுக்கு நீங்க மணி சொல்றீங்களா? எங்க வீட்டுல நாப்பது வருஷமா அப்படியேதான் பாக்குறோம். போட்டிருக்கறத மாத்துற பழக்கம் எங்களுக்குக் கெடையாது."

இளைஞன் மெதுவாகச் சொன்னான். "அம்மா, அவர் சொல்றதும் கணக்குல சரிதான்."

"நீ வாயை மூடு."

அப்பா தலையில் கைவைத்து மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். "புதன்கிழமைக்குப் பெட்டியைக் கட்டிடலாம்," என்றார் யாரிடமும் இல்லாமல். மணி பதினொன்று முப்பத்தெட்டு.

தங்கை எனக்கு முன்னால் வந்து நின்றாள். "அத்தை!" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

குடை திரும்பியது. "அத்தைன்னு யாரும்மா கூப்பிடச் சொன்னா?"

"வேற எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியல அத்தை. உங்க கணக்குப்படி நவமி போயி ஒன்றரை மணி நேரம் ஆச்சு. எங்க அண்ணன் கணக்குப்படி இப்பத்தான் போச்சு. ரெண்டு கணக்குலயும் இப்ப நல்ல நேரம்தானே? பன்னெண்டு மணி வரைக்கும்?"

படகுக்காரன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். பிறகு அந்த அம்மா சொன்னார்: "நல்ல நேரம் இருக்கு. நடுவுல சேறு இருக்கே."

மட்டி பொறுக்கும் பெண்ணிடம் ஒரு நீளப் பலகை இருந்தது. அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலால் உதைத்து அவர்கள் சேற்றில் வழுக்கிப் போவார்கள். தங்கை அவளிடம் ஏதோ கேட்டாள். இவ்வளவு நல்ல மலாய் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டாள். அதைக் கண்டு அப்பா எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். பலகையில் தூக்கை வைத்தார்கள். அந்தப் பெண் முன்னால் இழுக்க, தங்கை பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். "மாரி, அடிக், மாரி," வா தங்கச்சி, வா என்று மலாய்ப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு முறை தங்கைக்குத் தொடை வரை புதைந்தது. நான் கரையில் இங்கும் அங்கும் நடந்தேன். மணி பதினொன்று நாற்பத்து நான்கு. நாற்பத்தொன்பது. இளைஞன் காலணியைக் கழற்றிவிட்டு ஒரு காலைச் சேற்றில் இறக்கினான். தாய் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீ எங்கடா போறே? பொண்ணுதான் வருதே!"

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு அவள் சம்பானைத் தொட்டாள்.

அங்கே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. தூக்கைத் திறப்பது தெரிந்தது. அந்த அம்மா ஓர் இட்டிலியை எடுத்து, மகனுக்கு ஒன்று கொடுத்து, படகுக்காரனுக்கும் ஒன்று நீட்டினார். பிறகு தன் குடையைச் சற்றே சாய்த்தார். வெயில் தங்கையின் தலையில் படாமல் இருக்கும் அளவுக்கு. அப்பா மூக்கைச் சிந்தினார்.

ஆனால் திரும்பி வந்த தங்கை கொண்டுவந்த பதில், "ஊருக்குப் போய் எழுதுறோம்" என்பதுதான். வேண்டாம் என்பதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் அது. நீர் ஏறியதும் அவர்கள் ஒரு சம்பானில், நாங்கள் ஒரு சம்பானில் ஆற்றைக் கடந்தோம். துறையில் ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோல நின்றோம், நிபந்தனைப்படி. இளைஞனின் கால்சட்டையில் ஒரு பக்கம் மட்டும் முழங்கால் வரை சேறு.

திங்கள் முழுதும் ஒன்றும் வரவில்லை. தங்கை பெட்டியில் துணியை வைத்தாள், எடுத்தாள். நான் அலுவலகத்தில் ஒரே கடிதத்தை மூன்று முறை தவறாக எழுதினேன். செவ்வாய் பிற்பகல் தந்தி வந்தது. அதன் சாரம்: பெண் பிடித்திருக்கிறது. முகூர்த்தம் எங்கள் பஞ்சாங்கத்தில் உள்ளபடி. கூட்டக் கூடாது.

அப்பா கப்பலில் இடத்தைச் சித்திரைக்கு மாற்றினார், ஒருவருக்கு மட்டும்.

மாசியில் கலியாணம். அவர்கள் குறித்த நேரத்தில், என் கணக்குப்படி, இராகுகாலம் இல்லை, எமகண்டம் இல்லை. ஆனால் நல்ல திதி பிறக்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. மேளம் உச்சத்துக்குப் போனபோது என் கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. மணவறையிலிருந்து தங்கை பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணே, மணி என்ன?" என்று கேட்டாள், மாமியாருக்கும் கேட்கும்படியாக.

மாமியார் திரும்பினார். மாப்பிள்ளை குனிந்து சிரிப்பை அடக்கினார். கடிகாரம் என் விரல்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியலைம்மா," என்றேன். "நின்னு போச்சு."